மதிலுக்கு மேலே போனால் அவுட்

டென்மார்க் அணிக்காகச் சர்வதேசப் போட்டிகளில் ஆடிய சகலதுறை வீரர் பிரகாஸ் தன் வாழ்நாளில் ஒரு சிக்ஸர்கூட அடித்ததில்லை. அங்கத்தைய பத்திரிகைகள் அதை நிதானம் என்று எழுதின. உண்மையான காரணம் சொந்த ஊரான குருநகரில், அவர் பிறந்த ஒடுங்கிய ஒழுங்கையில், செபஸ்தியம்மாவின் மதிலாக நின்றது.

சின்ன வயதில் ஒருநாள் பந்து அந்த மதில் தாண்டிப்போய் மீன்குழம்புச் சட்டியில் குளித்தது. அன்றிலிருந்து, தாண்டி வரும் பந்தைச் செபஸ்தியம்மா மீன் வெட்டும் கத்தியால் இரண்டாகப் பிளந்துதான் திருப்பி எறிவார். பெடியள் கூடிச் சட்டம் போட்டார்கள்: மதிலுக்கு மேலே அடித்தால் அவுட். அந்தச் சட்டம் பிரகாஸின் மணிக்கட்டுக்குள் குடியேறிவிட்டது. கோபன்ஹேகனில் மதிலுமில்லை, செபஸ்தியம்மாவுமில்லை. ஆனாலும் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் தேவைப்பட்டபோது அவர் நிலத்தோடு உருட்டி நாலு அடித்தார். அழகான நாலு. அணி தோற்றது, அவரையும் பிறகு கூப்பிடவில்லை. பந்துவீச்சா? ஒழுங்கை ஒடுக்கம், பந்து நேரே மட்டும்தான் போகும். எதிரணிகளுக்கு அவரை நிரம்பப் பிடிக்கும்.

ஊருக்குத் திரும்பிப் பயிற்சியாளர் ஆனார். அவர் பழக்கிய கழகமும் வருடா வருடம் நிலத்தோடு அடித்து, நிலத்தோடு தோற்றது.

கழகச் செயலாளர் தேவராசா பிரகாஸின் மனைவி ஷெரோனின் தம்பி, அதே ஒழுங்கைக்காரன்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. இண்டைக்குப் பெடியளுக்கு ஒண்டு தூக்கி அடிச்சுக் காட்டுங்கோ. ஏலாட்டி கோச் வேலைக்கு வேறை ஆளைப் பாப்பம்."

"உங்கடை அக்காட்டைக் கேட்டனியோ?"

"அக்காதான் சொல்லச் சொன்னவ."

மைதானத்தில் மழைத்தண்ணீர் நின்றதால் பயிற்சி அதே ஒழுங்கையில். பிரகாஸ் மட்டையோடு நின்றார். இந்த வேலையும் போனால் கிரிக்கெட்டில் அவருக்கென்று மிஞ்சுவது முழங்கால் நோவு மட்டும்தான்.

பந்து வந்தது. மட்டை உயர்ந்தது. மதில் கண்ணில் பட்டதும் மணிக்கட்டு தானாகத் திரும்ப, பந்து உருண்டது. அடுத்ததும் உருண்டது. அதற்கடுத்ததும். இத்தனை கடல் தாண்டிப் போய் வந்தும், இந்த ஒழுங்கையின் இரண்டு மதில்களுக்கு நடுவிலிருந்து தான் ஓரடிகூட வெளியே போகவில்லை என்று அவருக்கு உறைத்தது.

மதிலுக்கு அப்பாலிருந்து செபஸ்தியம்மாவின் குரல் வந்தது. "ஆரடா அது, பிரகாசோ? இன்னும் உருட்டிக்கொண்டோ நிக்கிறாய்?"

"ஓம் மாமி."

"தூக்கி அடியடா. எனக்கும் வயசு போட்டுது, இனிக் கத்தி பிடிக்க ஏலாது."

பிரகாஸ் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பந்து எழும்பி, மதிலைத் தாண்டி, முருங்கை மரத்தையும் தாண்டிப் போனது.

ஒழுங்கையில் நின்ற எல்லோரும் ஒரே குரலில், "அவுட்டு!"

தேவராசாவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்தது. விரலையும் உயர்த்தியிருந்தான். பிரகாஸோ அதற்கு முன்பே மட்டையைக் கக்கத்தில் செருகி நடக்கத் தொடங்கிவிட்டார்.

பாதிவழியில் நின்று திரும்பினார். தேவராசா தன் விரலை, ஆரோ பிறத்தியாரின் விரலைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எனக்கு வேலை இருக்கோ, இல்லையோ?"

தேவராசா விரலை மடக்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். "வெளியாளுக்கு எங்கடை இந்த மதில் வருத்தம் என்னெண்டு விளங்காது அத்தான். நீங்களே இருங்கோ."

பிரகாஸுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெளியிலிருந்து ஆரோ கதவைப் பூட்டியதுபோலவும் இருந்தது. அப்போது மதிலுக்கு மேலால் பாதிப் பந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. பின்னாலேயே மற்றப் பாதி.

"மாமி! கத்தி பிடிக்க ஏலாதெண்டெல்லோ சொன்னியள்?"

"கை சொல்லுக் கேக்குதில்லையடா, மோனை."