பஸ்ஸுக்குப் பின்னால் வந்த வீடு

பாதோ மாதம் மூன்றாம் தேதி காலை ஏழேகாலுக்கு சங்க்ரி தேவியின் வீடு பைஜ்நாத்திலிருந்து கிளம்பி, ஒன்பதுக்குள் பாலம்பூர் வந்து சேர்ந்தது. சிலேட்டுக்கல் கூரை, மண் சுவர், தொழுவத்தில் மாடு, அடுப்படியில் சங்க்ரி தேவி, தலையில் சோப்பு நுரையோடு அவள் மகன் பிதி சந்த், எல்லாம் இருந்தபடியே இருந்தன. மண்சரிவு என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பாலம்பூர் மேட்டில் இருக்கிறது. மண் மேல்நோக்கிச் சரிவதில்லை.

வீடு வந்து நின்ற இடம்தான் சிக்கல். நேர் எதிரே சம்பந்தி வீடு. கல்யாணமாகி நான்கு மாதமே ஆன மருமகள் சுமனா, கறுப்பு மாதம் எனப்படும் இந்தப் பாதோவுக்காக இரண்டு நாள் முன்புதான் அங்கே தாய்வீடு வந்திருந்தாள். அந்த மாதம் முடியும்வரை புது மருமகளும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் மாமியார் உயிருக்கு ஆகாது. சுமனா வேதியியல் படித்தவள், இதை நம்பவில்லை. ஆனால் மாமியாரை வைத்துச் சோதனை செய்து பார்க்கும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சலும் இல்லை. சுமனாவின் அம்மா ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினாள். "சம்பந்தியம்மா, கண்ண மூடிக்கோங்க! ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கத்தினாள். "எங்கிட்ட யாரு சொன்னாங்க?" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது.

வீடு ஏன் வந்தது என்பது சுமனாவுக்கு மட்டும் தெரியும். பட்டூரு ரொட்டிக்கான மாவைப் புளிக்க வைக்கும் மலேரா உருண்டையை அவள் ஒரு தகர டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். பாதியை விட்டு வந்திருக்க வேண்டும். அவசரத்தில் மொத்தத்தையும் வழித்துவிட்டாள். தொண்ணூறு வருடமாக அந்த அடுப்படியில் இருந்த புளிப்பு அது. வீடு அதைத் தேடி வந்திருக்கிறது. சுவர்கள்கூட லேசாக உப்பியிருந்தன.

மாமியார் கண்ணில் படாமலிருக்க சுமனா அடுத்த பஸ் பிடித்து ஜோகிந்தர்நகருக்குத் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள். டப்பா பையில் இருந்தது. வீடும் மழையில் நனைந்துகொண்டு பின்னாலேயே வந்தது. வளைவுகளில் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டது. கண்டக்டர் ஜைசி ராம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது உங்களுதாம்மா? ஓவர்டேக் பண்ணாம வரச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை மாமன் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் சுமனா நின்றாள். அந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டு சங்க்ரி தேவி நின்றாள்.

"மலேராவ மொத்தமா வழிச்சிட்டு வந்துட்டியா?"

"தப்புதான் அத்தே. டப்பாவ உங்க வாசல்ல வச்சிடறேன். வீடு திரும்பிப் போயிடும்."

"வச்சே, கால ஒடிச்சிடுவேன்." சங்க்ரி தேவி சுவருக்கு இன்னும் கிட்டே வந்தாள். "இருபத்தெட்டு வருஷமா அந்த ஜன்னல்ல ஒரே மலையத்தான் பாக்கறேன். மண்டி ஊரு எந்தப் பக்கம்?"

"மண்டியில எனக்கு யாருமில்லியே அத்தே."

"நான் வரேன்ல, பின்னாடி."

அந்த மாதம் அவர்கள் மண்டி, ரிவால்சர், சுந்தர்நகர் பார்த்தார்கள். சுமனா முன்னால் பஸ்ஸிலும், மாமியார் பின்னால் அடுப்படியிலும் போனார்கள். பிதி சந்த் விடுப்பு விண்ணப்பத்தில், வீடு வெளியூர் சென்றிருப்பதால் என்று காரணம் எழுதினான். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். மழைக்காலத்தில் அதைவிட மோசமான காரணங்கள் அவருக்கு வந்திருந்தன. மாடு மட்டும் ரிவால்சரில் பால் குறைத்தது.

மாதத்தின் கடைசி நாள், குலு போகும் வழியில் மலை சரிந்து பாதை அடைபட்டது. இந்த மாதிரி சமயத்தில் பயணிகள் சரிவை நடந்து கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏறுவார்கள். அன்று சேறு இடுப்பளவு இருந்தது. ஜைசி ராம் முப்பத்தொன்பது பேரையும் வீட்டுக்குள் ஏற்றினார். சுமனா மட்டும் ஏற முடியாது, உள்ளே மாமியார். அவளை விட்டுப் போகவும் முடியாது. டப்பா நகராமல் வீடு நகராது. எனவே அவள் குடையோடு கூரைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

நடுச்சேற்றில் வீடு ஒருமுறை குலுங்கியது. காலடியில் சிலேட்டுக்கல் நழுவ, சுமனா இடுப்புவரை அடுப்படிக்குள் இறங்கிவிட்டாள்.

"அத்தே, மேல பாக்காதீங்க!"

சங்க்ரி தேவி கையிலிருந்த பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "உங்காலத்தான் பாத்தேன். கால் கணக்குல வராது. ஏறுடி மேல!" இரண்டு பயணிகள் அடியிலிருந்து தள்ளினார்கள். பானை தலையில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க யாரையும் அவள் விடவில்லை. மறுநாள் பொழுது விடியும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் குலுவில் சைர் பண்டிகை. மாதம் முடிந்திருந்தது. பிதி சந்த் கல்லால் தட்டிப் பானையை உடைத்தான். மருமகள் பண்டிகை வழக்கப்படி அக்ரூட் கொட்டைகளை நீட்டிக்கொண்டு எதிரே நின்றாள். மாமியார் அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"மூக்கு இவ்ளோ பெருசா? கல்யாணத்தன்னிக்கு மூக்கு வளையத்துல தெரியல, அப்பறம் முக்காட்டுல தெரியல."

"இப்ப மாத்த முடியாது அத்தே" என்றாள் சுமனா. டப்பாவை மாமியார் கையில் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் வீடு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பைஜ்நாத் திரும்பியது.

கறுப்பு மாதத் தடை முதல் வருடத்துக்கு மட்டும்தான். இருந்தும் அடுத்த பாதோ பிறந்த அன்று காலையில் சங்க்ரி தேவி தகர டப்பாவைத் துடைத்து மருமகளிடம் கொடுத்தாள். "முழுசா எடுத்துக்கோ. மிச்சம் வைக்காத."

பதினோரு வருடமாகிறது. அந்தப் பாதையில் ஓட்டுகிறவர்கள் பாதோ மாதத்தில் பக்கக் கண்ணாடியில் வீடு தெரிந்தால் ஏற்றங்களில் வேகத்தைக் குறைப்பார்கள். வீட்டுக்கும் வயதாகிறது.