மூணாவது டவர்

பொன்னுரங்கத்தின் மச்சான் மணி செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. அவன் பெண் மலர் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். பொன்னுரங்கம் உள்ளே வா என்று சொல்லவில்லை. கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"சாம்பல் மேட்ட இன்னிக்கு நெரவப் போறாங்க மாமா. பொக்லைன் வந்து நின்னுகினு கீது."

"நெரவட்டும். மேடு எங்கப்பன் ஊட்டு சொத்தா?"

"அப்பா வெச்ச பொட்டி அங்கதான் கீது."

முடிச்சுப் போட்ட கை நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

பெட்டி விஷயம் அவருக்குத் தெரியும். பெண்டாட்டி கோவிந்தம்மா, மணியின் கூடப்பிறந்தவள், அண்ணன் வீட்டுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். மலர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு கும்பல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதில் ஒருத்தர் ஒரு டப்பாவைக் காடு மேடு எங்காவது ஒளித்து வைப்பார். இடத்தை நேராகச் சொல்லாமல் விடுகதை மாதிரி எழுதி போனில் போடுவார். மற்றவர்கள் விடையைக் கண்டுபிடித்து, போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் தங்கள் பேரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்காகவா இவர்களைப் படிக்க வைத்தார்கள் என்று பொன்னுரங்கம் காறித் துப்பியிருக்கிறார்.

மணி துப்பவில்லை. படுக்கையில் கிடந்தபடி மகளிடம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு டப்பா கொடு என்றான். மூச்சு வாங்க வாங்க ஒற்றை ஆளாக மேட்டுக்குப் போனான். சாயங்காலம் உடம்பெல்லாம் சாம்பலும் முள் கீறலுமாகத் திரும்பி வந்து, இடது கையால் நாலு வரி எழுதி, "போடு உன் போன்ல. எவன் வேணா தேடட்டும். ஆனா இது உங்க மாமனுக்கு. பார யாரு காட்டிக் குடுத்தான்னு பேர் எழுதி உள்ள வெச்சிருக்கேன்" என்றான்.

'பார்' என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிழக்கே அப்படி ஒன்று இருந்தது பொன்னுரங்கத்துக்கும் மணிக்கும் மட்டும் தெரியும். பன்னிரண்டு வருஷம் அதில் களவா மீனும் சங்கராவும் பிடித்து இரண்டு குடும்பமும் தின்றது. ஒருநாள் விடிகாலை போய்ப் பார்த்தால், ஆறு லாஞ்சு அங்கே நின்றுகொண்டிருந்தது. மூன்றே நாளில் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். தெரிந்தவன் இரண்டே பேர். தான் சொல்லவில்லை என்பது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அப்புறம் மிச்சம் யார்? அன்றைக்கு விட்ட பேச்சுதான். பத்தொன்பது வருஷம். மணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று மலர் வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. செத்துப்போனான் என்று வந்து நின்றபோதும் போகவில்லை. கோவிந்தம்மா மட்டும் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இன்றைக்கும் அவள்தான் உள்ளிருந்து பேசினாள். "போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன். பொய்யின்னா பொய்யின்னு தெரிஞ்சிட்டுப் போவுது."

"பேரு தெரிஞ்சா வாயால சொல்றதுக்கு இன்னா அவனுக்கு? இன்னாத்துக்குப் பொதைக்கணும்?"

"நானும் கேட்டேன் மாமா," என்றாள் மலர். "வாயால சொன்னா அவன் நம்பமாட்டான், தன் கையால தோண்டி எடுத்தாதான் நம்புவான்னாரு."

பொன்னுரங்கம் எழுந்து கொடுவாளையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டார். நம்பி அல்ல. அந்தப் பேரைப் பார்க்காமல் செத்தால் நெஞ்சு வேகாது, அதனால்.

மேடு என்றால் ஒரே மேடு அல்ல. அனல் மின்நிலையத்துச் சாம்பலும், முகத்துவாரத்தில் வாரிய சேறும் வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி ஏழெட்டுக் குன்றுகளாக நின்றது. மேலே முழுக்க வேலிகாத்தான் முள்ளு. ஆடுகூட யோசித்துத்தான் உள்ளே நுழையும். மேலே ஏறினால் சிமினி, வாட்டர் டேங்க், உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் மின்சார டவர்கள், அதற்கும் பின்னால் மாதா கோயில் சிலுவை, எல்லாம் தெரியும். மேற்கு ஓரத்தில் மஞ்சள் பொக்லைன் ஒன்று முள்ளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தது.

மலர் காகிதத்தைக் கொடுத்தாள். பொன்னுரங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது.

சிமினியும் வாட்டர் டேங்கும் ஒண்ணா நிக்கணும்.
மாதா கோயில் சிலுவ மூணாவது டவர் தலை மேல நிக்கணும்.
நீ அங்க நில்லு.
காலுக்குக் கீழ ஒரு முழம்.

"இதுக்கா பதினொரு பேரு வந்து திரும்பிப் போனானுங்க?"

"ஆமா மாமா. ரெண்டு பேரு சிமினி அடிக்கே போயி செக்யூரிட்டிகிட்ட மாட்டிக்கினாங்க. ஒரு பையன் எழுத்தெல்லாம் எண்ணி நம்பராக்கினான். அது மாதவரத்துல ஒரு மாட்டுக்கொட்டாயக் காட்டிச்சு. அங்கயும் போய்த் தேடினான்."

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார். கடலில் நிற்கிறவனுக்கு இதில் விடுகதையே இல்லை. தண்ணீரில் கோடு போட முடியாது. அதனால் கரையில் இருக்கும் இரண்டு பொருளை ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பார்த்தால் ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறு இரண்டைச் சேர்த்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட வேண்டியதுதான். குறி பார்ப்பது என்பது இதுதான். மணி கடலில் செய்ததை மேட்டில் செய்திருக்கிறான்.

சிமினி டேங்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்வரை பக்கவாட்டில் நடந்தார். அங்கிருந்து கோட்டைப் பிடித்து மேலே ஏறினார். முள் வேட்டியைக் கிழித்தது. சாம்பல் முட்டிவரை உள்வாங்கியது. முதல் குன்றின் தலையில் நின்று வடக்கே பார்த்தார். சிலுவை இரண்டாவது டவரின் தலையில் குந்தியிருந்தது.

"இங்கதான்," என்று கடப்பாரையை ஊன்றினார்.

மலர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணினாள். "மாமா, இது ரெண்டாவது டவரு. மூணாவதுன்னு எழுதியிருக்காரு. மூணாவதுன்னா அந்த அடுத்த மேடு."

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்ப ஏன்..."

"உனக்குத் தெரியாதுமே. சும்மா நில்லு."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. மணியின் பெண் அவள். அவளிடம் என்னத்தைச் சொல்வது?

வெட்டினார். வேலிகாத்தான் வேர் இரும்பு மாதிரி. ஒரு புதரைச் சாய்த்தால் அதற்கடியில் இன்னொன்று. ஒரு முழம் தோண்டினார், ஒன்றுமில்லை. இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஒரு பாகம், சுற்றிலும் தோண்டினார். ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது, குவார்ட்டர் பாட்டில் இரண்டு கிடைத்தது. துப்பினால் எச்சில் கறுப்பாக விழுந்தது. மலரும் ஒரு மரக்கட்டையால் பறித்துப் பறித்துப் பார்த்தாள். அவள் கை முழுக்க ரத்தக் கோடு.

பன்னிரண்டரைக்குப் பொக்லைன் சத்தம் நின்றது. ஓட்டுகிற பையன் இறங்கிப்போய் பைப்லைன் நிழலில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தான். இதற்குள் அவன் மேற்கு ஓரத்தில் இருந்த மேடுகளைக் கரைத்துவிட்டு, மூன்றாவது டவர் கோட்டில் இருந்த அடுத்த மேட்டின் அடிவாரத்துக்கு வந்திருந்தான்.

"மாமா, அவன் சாப்ட்டு எழுந்திரிக்க அரை மணி ஆவும். ஓடிப்போயி அங்க ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம். கால்ல விழறேன்."

"உங்கப்பன் உண்மைய எழுதியிருக்க மாட்டான்."

"செத்துப்போறதுக்கு முன்ன எதுக்கு மாமா பொய் எழுதணும்?"

"அவன் பொய் சொன்னதாலதான் நானு பத்தொம்போது வருஷமா இந்த நெலமைல கீறேன். போமே."

அவள் தானே ஓடிப்போகப் பார்த்தாள். எந்தக் கோடு எங்கே வெட்டுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பாதி முள்ளில் நின்று திரும்பி, "கோட்டையாவது காட்டு, நான் தோண்டிக்கிறேன்" என்று கத்தினாள். பொன்னுரங்கம் குனிந்து தோண்டிக்கொண்டே இருந்தார். காது கேட்டது. நிமிரவில்லை.

ஒரு மணிக்கு மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது.

இரண்டரை வரை தோண்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடப்பாரையை விட்டுவிட்டுப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். மலர் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

"இப்பவாச்சும் சொல்லு. மூணாவதுன்னு எழுதியிருக்க, எதுக்கு ரெண்டாவதுல நின்ன?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. "பாருக்கு எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு. குறி கேட்டு எவனாச்சும் நச்சரிச்சான்னா, சிமினிய சரியா சொல்லிடுவோம். டவர மட்டும் ஒண்ணு கூட்டிச் சொல்லுவோம். ரெண்டாவதுன்னா மூணாவதும்போம். கேட்டவன் நம்பிக்கினு போயி வெறும் மணல்ல வலை போடுவான். இத ஊருக்கே போன்ல போட்டுக்கீறான் உங்கப்பன். உண்மைய எப்டிப் போடுவான்?"

மலர் கையில் இருந்த மரக்கட்டையைக் கீழே போட்டாள்.

"ஊர்ல எவனுக்கு மாமா குறி பாக்கத் தெரியும்? பதினொரு பேரு வந்தாங்களே, ஒருத்தனாச்சும் மேட்டு மேல ஏறினானா? அவங்கள ஏமாத்த டவர எதுக்கு மாத்தணும்?"

பொன்னுரங்கம் கடப்பாரையில் ஒட்டிய சாம்பலைத் தட்டினார்.

"டவர மாத்திச் சொல்றது வெளியாளுக்குன்னுதான சொன்ன. நீ வெளியாளா மாமா?"

காகிதம் அவர் மடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். மூன்றாவது வரி. 'நீ அங்க நில்லு.' ஊருக்கு எழுதுகிறவன் 'நீ' என்று எழுதுவானா? பாரில் நங்கூரம் போடும்போது மணி படகின் முன்முனையில், அணியத்தில், நின்றுகொண்டு இதையேதான் சொல்வான். நீ அங்க நில்லு, நான் கயிறு விடறேன்.

எழுந்தார். இடுப்பு வலியை மறந்து முள்ளுக்குள் விழுந்து ஓடினார். சிமினியை டேங்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டே, வடக்கே சிலுவையைப் பார்த்துக்கொண்டே ஓடினார். சிலுவை இரண்டாவது டவரை விட்டு நகர்ந்தது. வெறும் வானத்தில் மிதந்தது. மூன்றாவதை நெருங்கியது.

அது மூன்றாவது டவரின் தலையில் போய் உட்கார்ந்த இடத்தில் மேடு இல்லை. பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் பொக்லைன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

ஓட்டுகிற பையன் தலையை வெளியே நீட்டினான். "யோவ் பெருசு, சாவப் பாக்கறியா?"

"இங்க ஒரு பொட்டி. டப்பா. பாத்தியா?"

"டப்பாவா? சாப்ட்டு வந்து மொத வேலையா இந்த எடத்ததான் வாரினேன். அதோ கொட்டிக் கீது பாரு." கையால் காட்டினான். குன்றளவு சாம்பல் ஒன்று கழியோரச் சேற்றில் சரிந்து, பாதி தண்ணீருக்குள் போயிருந்தது.

பையன் பேர் தவ்ஃபீக். நல்ல பையன்தான். கால் மணி நேரம் வண்டியை நிறுத்தித் தானும் இறங்கி வந்து சாம்பலைக் கிளறினான். அதற்குள் மேஸ்திரி போனில் திட்ட ஆரம்பித்துவிட்டான். மலர் முட்டிவரை சேற்றில் நின்று இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள். பொன்னுரங்கத்தின் கையில்தான் அது தட்டுப்பட்டது. நீல பிளாஸ்டிக் மூடி. அதைச் சுற்றி வலை நைலான் நூல். நூலில் இடது கைக்காரன் போடுகிற திருப்பி முடிச்சு. மணி போட்ட முடிச்சை அவர் பல்லால்தான் அவிழ்ப்பார், எத்தனை தடவை திட்டியிருப்பார். நூல் நடுவில் அறுந்திருந்தது. மூடிதான் இருந்தது. டப்பா இல்லை, நோட்டு இல்லை, பேர் இல்லை.

மறுபடியும் கிளறினார்கள். மேஸ்திரி நேரில் வந்து நின்றபிறகு விட்டுவிட்டார்கள்.

ரோட்டோரம், வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டி நின்றது. மலர் அதன்மேல் சாய்ந்துகொண்டு போனை எடுத்துத் தட்டினாள்.

"இன்னா எழுதற?"

"குரூப்ல போடறேன். இனிமே யாரும் தேடி வரவேணாம், பொட்டி போச்சுன்னு."

"எப்டிப் போச்சுன்னு போட்ட?"

"மேட்ட நெரவிட்டாங்கன்னு."

"அது பொய்யி." மூடியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நோட்ல பேர் எழுதணும்னு சொன்னல்ல உங்க ஆட்டத்துல? எழுது. பொன்னுரங்கம்னு ஒருத்தன் வந்தான். எடம் சரியா எழுதியிருந்துச்சு. அரை மணி நேரம் கையில இருந்துச்சு. அவன் நம்பல, அதனால போச்சுன்னு எழுது. பேரப் போட்டு எழுது."

மலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் மாமா என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. குனிந்து தட்டினாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள்.

எல்லாம் இங்கிலீஷ். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலில் இருந்த சாம்பல் போன் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. இதில் தன் பேர் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

சத்தியமாவா என்று கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, போனை அவளிடமே கொடுத்துவிட்டார்.