எல்லோருக்கும் ஒரே தப்பு

கண்டக்டர் மாடிப்படி ஏறி வந்த தினுசே சரியில்லை. வழக்கமாகக் கீழே நின்றே "ரைட், ரைட்" என்று கத்தித் தெருவைக் கூட்டுகிற மனிதர், அன்று செருப்புச் சத்தம்கூட இல்லாமல் வந்து துணி வெட்டும் மேசையின் முனையில் உட்கார்ந்தார்.

"ரிசல்ட்டை நிறுத்தி வச்சிருக்காங்க. நம்ம வகுப்புக்கு மட்டும்."

அவள் கையிலிருந்த கத்தரியை மேசைமேல் வைத்தாள். "ஏண்ணே?"

"பார்த்து எழுதிட்டோமாம். கணக்குப் பேப்பர்ல எல்லாருக்கும் ஒரே தப்பாம். சரியான பதில்னா ஒரே மாதிரி இருக்கலாம், தப்பு எப்படிய்யா ஒரே மாதிரி வரும்னு கேக்குறாங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் தேர்வு ஆபீசுக்கு வரணும். பதில் திருப்தியா இல்லன்னா மொத்தமா ரத்து. மறுபடி எழுதவும் விட மாட்டாங்களாம்."

அந்த வருடம் ஊர் ஊராகவே இல்லை. ஒரு வாரம் கடை திறந்தால் மறு வாரம் ஊரடங்கு. ஆற்றுப் பாலத்தை மூடியபின் அக்கரையிலிருந்து வரும் மாலை வகுப்பு ஆசிரியர் வராமல் போனார். வீடிழந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். கரும்பலகையில் ஈரத்துணி காய்ந்தது. பாடப் புத்தகங்கள் எந்த அறையில் எந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை. பாதியில் படிப்பை விட்டுவிட்டு, வேலைக்கு நடுவே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அவள் வேலை பார்த்த தையல்கூடத்து முதலாளி, "மெஷினைத் தொடாம என்னமோ பண்ணிக்கோங்க," என்று மாடியை விட்டுக்கொடுத்தார். தெரிந்ததைத் தெரிந்தவர் சொல்லித் தருவது என்று பேச்சு. ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் கண்டக்டருக்குப் புவியியல். அடுப்பும் ஆவியுமாக நிற்கிற கேன்டீன் அக்காவுக்கு அறிவியல். ஆலை வாசலில் உட்கார்ந்து செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிக்கிற வாட்ச்மேன் மாமாவுக்குத் தமிழ். அளவு நாடாவும் கழுத்துமாகத் திரிகிறவள் என்று கணக்கை இவள் தலையில் கட்டினார்கள்.

"எனக்கே சரியா வராதே," என்று கெஞ்சிப் பார்த்தாள். எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'மூணுதரம்' என்று பட்டப்பெயர். "அதனாலதான் நீ," என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

இப்போது அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "எந்தக் கணக்காம்ணே?"

"பரப்பளவு வர்றது எல்லாம். அந்த அட்டைக் கணக்கு, தரைக் கணக்கு..."

பழுப்புத் தாளை விரித்துச் சுண்ணக்கட்டியால் போட்டாள். அட்டை இருபது அங்குல நீளம், பதினைந்து அங்குல அகலம். இருபத்தொன்றைப் பதினாறால் பெருக்கி முந்நூற்று முப்பத்தாறு. மறுபடி போட்டாள். அதேதான். மூன்றாவது தடவை, இருபதை இருபத்தொன்றாக்கும் இடத்தில் கை தானாக நின்றது.

அட்டையை யார் தைக்கப் போகிறார்கள்?

காது இரண்டும் சூடாயின. முதல் நாள் தலையணை உறையை வைத்துத்தான் பரப்பளவு சொல்லிக்கொடுத்தாள். பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்கு விட்டால்தான் துணி போதும் என்று, நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று கூட்டச் சொன்னாள். அது உறைக்கு மட்டும் என்று சொன்னாளா? சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் கொடுத்த கணக்கெல்லாம் சட்டை முதுகு, திரைச்சீலை, மேசை விரிப்பு. பதில் பார்க்கப் புத்தகமும் இல்லை. மாதக்கணக்கில் கூட்டிக் கூட்டி, பரீட்சையில் அவளும் அட்டைக்குத் தையல் விட்டாள். மூன்று தடவை சரிபார்த்தும் விட்டாள்.

மாலைக்குள் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். அவள் சொல்லி முடித்ததும் தையல் மெஷின்கள்கூட அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்ப நான் தரைக்கு ஓடு பதிக்கிற கணக்குல..." என்று இழுத்தார் வாட்ச்மேன்.

"தரையையும் தைச்சுட்டீங்க மாமா," என்றாள் கேன்டீன் அக்கா. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் மட்டும் போய் எல்லாம் என்னாலதான்னு சொல்லிடுறேன்," என்றாள் அவள். "என் பேப்பரை ரத்து பண்ணிட்டு உங்களை விட்டுடட்டும்."

"வந்துட்டா பெரிய தியாகி!" அக்கா முறைத்தாள். "உன்னைக் காட்டிக் கொடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட உனக்கு டீ ஊத்துறது? யார் கேட்டாலும் நாங்களே படிச்சோம்னு சொல்லுவோம். அவ்வளவுதான்."

"அதான் சரி," என்றார் கண்டக்டர். "பேரு யாரும் சொல்லக் கூடாது."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் தனக்குச் சரியாகப் பட்டதையெல்லாம் நம்பித்தானே இந்த வினை என்று பேசாமல் இருந்துவிட்டாள். வீட்டில் அம்மா சோறு போட்டு, "என்னடி முகம் இப்படி?" என்றபோதும் தலைவலி என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

தேர்வு அலுவலகத்தில் ஒரு நீள வராந்தா. உள்ளே போகிறவர்கள் வேறு கதவு வழியாக வெளியே அனுப்பப்பட்டார்கள். காத்திருப்பவர்களோடு பேச முடியாது. கண்டக்டர் போனார். அக்கா போனாள். வாட்ச்மேன் மாமா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, பெஞ்சில் அவள் மட்டும் மிஞ்சினாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து, உட்கார்ந்தாள்.

கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் அதிகாரியம்மா. பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த இளம் எழுத்தர்.

"உங்களுக்குக் கணக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் அதிகாரி. அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார். "நாங்களே படிச்சோம்னு சொல்லாதீங்க. இதுவரைக்கும் வந்த அத்தனை பேரும் அதே வார்த்தையைச் சொல்லிட்டுப் போயாச்சு. பதிலும் ஒண்ணு, பேச்சும் ஒண்ணு. எனக்கு இருந்த கொஞ்சம் சந்தேகமும் இப்ப தீர்ந்துபோச்சு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றுவதாக நினைத்து எல்லோரும் சேர்ந்து கயிற்றை இறுக்கியிருக்கிறார்கள்.

"நான்தான் மேடம் சொல்லிக் கொடுத்தேன். தப்பா சொல்லிக் கொடுத்தேன்."

"நீங்களும் பரீட்சை எழுதினவங்கதானே? கடைசி ஆளு தலையில போட்டுடலாம்னு பேசி வச்சு வந்தீங்களா?"

"இல்ல மேடம். நான் துணி வெட்டுறவ..." சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை. தலையணை, உறை, அரை அங்குலம் என்று வார்த்தைகள் முன்னும் பின்னுமாக விழுந்தன. அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

அப்போது அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. "சொன்னா புரியாது. சொல்லிக் கொடுத்துக் காட்டட்டுமா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ம்," என்றார்.

மேசைமேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்தாள். மாடியில் மாதக்கணக்காக நின்ற மாதிரியே நின்றாள். தாளை மடித்து, இது தலையணை, இது உறை என்றாள். நாலு பக்கமும் மடித்துத் தைக்கிற இடத்தை விரலால் அழுத்திக் காட்டினாள். "நீளத்துல ஒண்ணு கூட்டு, அகலத்துல ஒண்ணு கூட்டு, அப்புறம் பெருக்கு. மறந்தா துணி பத்தாது. சொல்லுங்க, எதை மறக்கக் கூடாது?"

"ஒண்ணு கூட்டணும்," என்றார் எழுத்தர், தன்னை அறியாமல்.

மேசை விரிப்புக்கு ஒரு கணக்கு, திரைச்சீலைக்கு ஒரு கணக்கு கொடுத்தாள். எழுத்தர் குனிந்து போட்டார். இன்னொன்று. அதையும் போட்டார். மூச்சு விடாமல் நாலாவதாக, "ஒரு தோட்டம். எட்டு மீட்டர் நீளம், அஞ்சு மீட்டர் அகலம்," என்றாள்.

எழுத்தரின் பேனா ஒன்பது என்று எழுதி, பெருக்கல் குறி போட்டு, ஆறு என்று எழுதியது. அப்புறம் நின்றது. அவர் மெதுவாக நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"தோட்டத்துக்கு எதுக்குய்யா தையல்?" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை; ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "பார்த்து எழுதலைன்னு எழுதிக்கிறேன். முடிவு வெளியாகும். ஆனா தப்புக்கு மார்க் போட முடியாது. புரியுதா?"

வெளியே காத்திருந்தவர்களிடம் அவள் முதல் பாதியை மட்டும்தான் சொன்னாள். அவர்கள் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டபோது, யாருக்கு எத்தனை குறையும் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மொழியில் கெட்டிக்காரரான வாட்ச்மேன் மாமா கணக்கில் எப்போதும் விளிம்பில்தான் நிற்பார். அவரை மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. முடிவு வந்தபோது மற்ற எல்லோரும் தேறியிருந்தார்கள். மாமா மட்டும் கணக்கில் போய்விட்டார். சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆலை வாசலுக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள், கலைத்தாள். தெருவில் கடைகள் அவசரமாகக் கதவை இழுத்துக்கொண்டிருந்தன. மறுபடி ஊரடங்கு என்று பேச்சு. மாமா கம்பிக் கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என்னாலதான்..."

"ஆமா, உன்னாலதான்," என்றார் அவர், செய்தித்தாளை மடக்காமல். "பின்ன என்னாலயா?"

அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பரீட்சைக்குப் பேர் கொடுத்துட்டேன். கண்டக்டரும் கேன்டீன்காரியும் வந்து கூட உக்காருறேன்னு சொல்லியிருக்காங்க. பாஸானவங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். வீட்டுல போரடிக்குதாம்."

"கண்டக்டர் அண்ணனையே கணக்கு எடுக்கச் சொல்லுங்க மாமா. என்னை நம்பாதீங்க."

"யார் உன்னை நம்பினா?" மாமா இப்போதுதான் தாளை இறக்கினார். "நீ எங்க தப்பு பண்ணுவேன்னு எனக்கு இப்பத் தெரியும். புது வாத்தியார்னா அதை முதல்லேருந்து தேடணும். நாளைக்குச் சீக்கிரம் வந்து மாடியைத் திற. ஊரடங்கு போட்டாலும் போட்டுடுவான்."