ஞாயிற்றுக்கிழமை ஹேண்டில்

போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடிய மோகன் கையில் கிடைத்த ஒயரை உருவினான். அது அப்பாவின் ஐஸ் பெட்டி ஒயர். கண்ணாடி வேர்த்து ஒழுகிய பிறகுதான் அம்மா மங்கம்மா பார்த்தாள்.

“செத்த மனுசன நிம்மதியா படுக்க வுட்றியாடா?”

“உயிரோட இருந்தப்பவே வுட்டதில்ல. இன்னிக்கி மட்டும் இன்னா?”

யாரும் சிரிக்கவில்லை. நேற்றுச் செத்துப்போன சடையப்பனும் மகனின் ஜோக்குக்கு ஒருநாளும் சிரித்தவரில்லை. அந்த வகையில் பெட்டிக்குள்ளும் அவர் மாறவில்லை.

ஒயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தால், எதிரே முன்பின் தெரியாத ஒரு பெரியவர். மாலை போட்டார். கும்பிட்டார். பிறகு மோகன் காதில், “தம்பி, அந்த இன்ஜின் ஹேண்டில் கெடைக்குமா?” என்றார்.

மோகனுக்குச் சுருக்கென்றது. அப்பா பம்புசெட் மெக்கானிக். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும், ஆயில் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் அந்த ஹேண்டிலை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறுவார். ‘வேல கீது’ என்பதோடு சரி. மெட்ராஸில் எவன் ஆயில் இன்ஜின் ஓட்டுகிறான்? அங்கே இன்னொரு குடும்பம் என்று உத்திரமேரூரே தீர்மானித்திருந்தது. அம்மா மட்டும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் உப்பு கூடும், அவ்வளவுதான்.

பெரியவரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். “யாருய்யா நீ? அந்தம்மா அனுப்பிச்சாங்களா? தூக்கறதுக்குள்ள சொல்லிடு. புள்ளைங்க கீதுங்களா?”

“எந்தம்மா? நான் அருள்தாஸ். மெட்ராஸ்ல சர்ச்சு வாட்ச்மேன்.”

“அப்ப மதம் மாறிட்டாரா?”

“அட, ஜெபத்துக்கு ஒருநாள் ஒக்காந்தது இல்லப்பா. நேரா கோபுரத்துல ஏறிடுவாரு.”

போனில் படம் காட்டினார். செங்கல் கோபுரம், கூர்முனை ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, உச்சியில் வட்டக் கடிகாரம்.

“விக்டோரியா ராணி காலத்துல சீமையிலேர்ந்து கப்பல்ல வந்த கடியாரம். வாராவாரம் கையால சுத்தி சாவி குடுக்கணும். சுத்தற கம்பி தொலஞ்சி இருவது வருசம் நின்னு கெடந்துது. எங்க போர்வெல் மோட்டார் பாக்க வந்தவரு, இன்ஜின் ஹேண்டில அரம் போட்டு ராவி மாட்டி ஓட வெச்சிட்டாரு. இன்னிக்கி சுத்தலன்னா நின்னுடும்.”

மோகனின் சந்தேகம் இன்னும் இறங்கவில்லை. “இத வூட்ல சொன்னா இன்னாவாம்?”

அருள்தாஸ் தரையைப் பார்த்தார். “சொன்னா நீ கேலி பண்ணுவியாம். ‘சாமிக்கே மணி சொல்றாரு எங்க நைனா’ன்னு சொல்லுவான்னு, உன்னாட்டமே பேசிக் காட்டி, எம்பத்தாறு படியும் சிரிச்சிக்கினே எறங்குவாரு.”

மோகன் போனை வாங்கி அந்தக் கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தான்.

பின்வாசலில் அம்மா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். உள்ளே போய் மஞ்சப்பையோடு வந்து அருள்தாஸிடம் நீட்டினாள்.

“ரெண்டு மணிக்கு பஸ் கீது. வுட்டா அடுத்தது நாலரைக்குத்தான்.”