கை அலம்பிய பதினோரு நொடி

அந்தக் கமெண்ட் வந்தது வியாழக்கிழமை என்றுதான் எனக்கு நினைவு. பவித்ரா வெள்ளி என்கிறாள். மலர்க்கொடிக்குக் கிழமை தெரியாது. அன்று உறையூரில் குழாய்த் தண்ணீர் தாமதமாக வந்து, தான் பஸ்ஸைத் தவறவிட்டது மட்டும் தெரியும். ஆகவே நாள் கிழமையெல்லாம் முன்பின்னாக இருக்கலாம். பேசிய பேச்சை மட்டும், அவர்கள் எனக்குச் சொன்னபடி, கூடியவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

"சாதம் பிசைஞ்ச கையோட ஊறுகாய் ஜாடியைத் தொடறேளே மாமி, உங்காத்துல பத்து பார்க்கற வழக்கமெல்லாம் போயிடுத்தா?"

பவித்ரா போனிலிருந்து வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ரஞ்சனி வெந்நீர்ப் பையின் மேல் விரல்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கமெண்டுக்குக் கீழே இருநூறு பேர் எழுதிவிட்டதாகப் பவித்ரா சொன்னாள்.  வடக்குச் சித்திரை வீதியில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மலர்க்கொடி குழாயை மூடினாள். பத்து என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தது. பத்துப்பாத்திரம் தேய்க்கத்தான் ஏழு வருடங்களுக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தாள். சமைத்ததும் சாப்பிட்டதுமான பாத்திரங்களுக்கு அப்படி ஒரு பெயர் என்பதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. சோற்றைத் தொட்ட கை, கழுவாமல் வேறு எதையும் தொடக்கூடாது என்ற ஆசாரத்துக்கும் அதே பெயர்தான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கமெண்டில் சொல்லப்பட்ட கை அவளுடையது.

"ரஞ்சனி மாமி தளிகை" என்ற அந்தச் சமையல் சேனலை மூன்று லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் யார் முகமும் வராது. ஒரு குரல் பேசும், இரண்டு கைகள் சமைக்கும். குரல் ரஞ்சனியுடையது. அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கி மடங்கிப்போய் ஆறு வருடமாகிறது. கேமராவுக்கு முன்னால் அவற்றை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. முதல் வீடியோவுக்கு வாழைத்தண்டு நறுக்க மட்டும் மலர்க்கொடியைக் கூப்பிட்டார்கள். மாமியின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று யாரோ எழுதினார்கள். அதற்குப் பிறகு கை மாறவில்லை. மலர்க்கொடியின் மணிக்கட்டில் புருஷன் பெயர் பச்சை குத்தியிருந்தது. அதை மறைக்க ரஞ்சனி தன் அகலமான வளையல்களைக் கழற்றிக் கொடுப்பாள். படம் பிடித்து முடிந்ததும் மலர்க்கொடி அவற்றைத் திருப்பிக் கொடுப்பாள். இப்படியே நாலு வருடம்.

வீட்டுக்குள் ஒரு சமையலறை இருந்தது. பெருமாளுக்கு அமுது செய்யும் இடம். மலர்க்கொடி ஏழு வருடத்தில் ஒருநாளும் அதன் நிலைப்படியைத் தாண்டியதில்லை. வீடியோவுக்காகப் பவித்ரா படித்த அறையை இன்னொரு சமையலறையாக மாற்றியிருந்தார்கள். அடுப்பு, பித்தளைப் பாத்திரங்கள், மூலையில் ஒரு தொட்டி, வட்ட விளக்கு. அங்கே மலர்க்கொடி சமைத்ததை அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. ரஞ்சனி நிறத்தைப் பார்ப்பாள், வாசனை பிடிப்பாள். உப்பு சரியா என்று கேட்பாள். சரி என்று மலர்க்கொடி சொன்னால் சரி. பிறகு அது தூக்குவாளியில் உறையூருக்குப் போய்விடும். உள்ளே வந்து, நோகும் விரல்களால் ரஞ்சனி வீட்டுக்கு வேறு சமைப்பாள். இதில் தவறு இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. ரஞ்சனி கெட்டவளும் அல்ல. மலர்க்கொடிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அரைநாள் நின்றவள் அவள்தான்.

போன வருடத்திலிருந்து பார்க்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். லட்சம் பேர் பார்த்த இடத்தில் ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். பவித்ரா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். வீடியோக்களை வெட்டி ஒட்டுவதும் அவள்தான். ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது என்றாள். மாமி என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு பிராண்ட் என்றும், மடி, ஆசாரம், பழைய பக்குவம் இதெல்லாம்தான் அந்தப் பிராண்ட் என்றும் அம்மாவுக்கு விளக்கினாள். காத்திருக்கும் இடங்களையெல்லாம் வெட்ட ஆரம்பித்தாள். பால் பொங்குவதற்கு முன்னுள்ள அமைதி போயிற்று. கடுகு வெடிக்கும்வரை எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் போயிற்று.

மலர்க்கொடி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"நான் கை கழுவுனேனே பாப்பா. சாதம் பிசைஞ்சதும் கழுவிட்டுத்தான் ஜாடிய எடுத்தேன்."

பவித்ரா லேப்டாப்பில் வெட்டாத படத்தைத் தேடி எடுத்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். கை தயிரும் சோறும் பிசைகிறது. பிறகு மலர்க்கொடி மூலைத் தொட்டிக்குப் போகிறாள். தண்ணீர் ஓடுகிறது. குனியும்போது அவள் முகம் பாதி தெரிகிறது. பதினோரு நொடி. பிறகு துடைத்த கை ஜாடிக்கு வருகிறது. அந்தப் பதினோரு நொடியைத்தான் பவித்ரா வெட்டியிருந்தாள்.

"கை அலம்பறதை யாரும் பார்க்க மாட்டான்னு எடுத்துட்டேம்மா," என்றாள் தாழ்ந்த குரலில்.

மலர்க்கொடி திரையைச் சுட்டிக் காட்டினாள். "அப்ப அத அப்படியே போட்டுருங்க மாமி. கழுவுனது தெரிஞ்சிருமில்ல."

ரஞ்சனி வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள்.  குரலில் கோபமில்லை, தெரிந்த விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்வது போல இருந்தது.

"அதைப் போட்டா உன் மூஞ்சி தெரியும் மலர். எந்தக் கைன்னு தெரிஞ்சப்புறம், அலம்பித்தா அலம்பலையான்னு யார் கேக்கப் போறா?"

மலர்க்கொடி அந்த வாக்கியத்தைக் காவிரிப் பாலம் தாண்டும்வரை மனதில் திருப்பிக்கொண்டே இருந்தாள். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அது முழுதாக விளங்கியது. தண்ணீரில் போகும் அழுக்கைப் பற்றி மாமி பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு லைவ் போடுவது என்று முடிவாயிற்று. சண்டை வந்ததும் ஆறாயிரம் நாற்பதாயிரம் ஆகியிருந்தது. சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும் என்றாள் பவித்ரா. ரஞ்சனி முதல்முறையாக முகம் காட்டுவாள். பக்கத்தில் மலர்க்கொடி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பாள். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பவித்ரா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். இந்த வீட்டில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் மாமிக்குக் கை வலி என்பதால் ஒத்தாசைக்கு வந்தேன். எனக்குப் பத்து தெரியாது. கை கழுவாமல் தொட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் புருஷன் தர்மராஜிடம் காட்டினாள். அவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். வாசித்துவிட்டு, ஒரு நிமிசப் பேச்சுதானே, சொல்லிட்டு வந்துரு, அந்த வீட்டைப் பகைச்சுக்காத என்றார். சாப்பிட்டு எழுந்தபோது அவரே மறுபடி கேட்டார்: "கழுவுன கைய ஏன் கழுவலன்னு சொல்லணும்?" 

மலர்க்கொடிக்கு வேறொன்று உறுத்தியது. நாலு வருடமாகத் தன் முகம் ஒருமுறை அந்தத் திரையில் வராதா என்று அவள் ஆசைப்பட்டதுண்டு. யாரிடமும் சொன்னதில்லை. உப்பிலியபுரத்தில் நாத்தனாரிடம் ஒருமுறை போனைக் காட்டி, இது என் கை என்றாள். "கை எல்லாருக்கும்தான் இருக்கு," என்று நாத்தனார் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது முகம் வரப்போகிறது. கை நன்றாகச் சமைத்தவரை அது மாமியின் கை. தப்பென்று வந்த அன்றைக்கு அது மலர்க்கொடியின் கை. மூன்று லட்சம் பேர் அவளை முதன்முதலாகவும் கடைசியாகவும் பார்ப்பது, கை கழுவத் தெரியாதவளாக.

ஞாயிறு அன்று மேஜைமேல் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று பவித்ரா சொன்னதால், அதே ததியோன்னத்தை, தயிர்ச் சோற்றை, மலர்க்கொடி மறுபடி செய்து வெள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள். ரஞ்சனி பட்டுப்புடவை கட்டி, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலர்க்கொடிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், சற்றுத் தள்ளி. இன்று வளையல் கொடுக்கப்படவில்லை. எழுதிய அட்டையைப் பவித்ரா கேமராவுக்குப் பின்னால் பிடித்தாள்.

ரஞ்சனி நன்றாகத்தான் பேசினாள். அடியேன் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, ஆசாரத்தில் குறை வந்தால் மனசு துடிக்கும் என்றாள். பிறகு மலர்க்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வணக்கங்க. என் பேரு மலர்க்கொடி. இந்த வீட்ல வேலை பாக்குறேன்." அட்டையில் அடுத்த வரி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "அன்னிக்கு மட்டும் இல்லைங்க. நாலு வருசமா நீங்க பாக்குற கை இதுதான்."

பவித்ரா அட்டையை ஆட்டினாள்.

"நான் கை கழுவுனேங்க. கழுவுற இடத்த வெட்டிட்டாங்க, உங்களுக்குப் பாக்க அலுப்பா இருக்கும்னு. கழுவாம நான் எதையும் தொட்டதில்ல. அவ்வளவுதாங்க."

திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. சிலர் கைகூப்பினார்கள். சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டினார்கள். நாலு வருடமாக இதைப் பார்த்துத்தான் ஏகாதசி மறுநாள் பாரணைக்குச் சமைத்தோமே என்று ஒருத்தி அழாக்குறையாக எழுதினாள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறியது. சேனல் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஏறியதில்லை. லைவை நிறுத்தப் போன பவித்ராவின் விரல் அந்த எண்ணைப் பார்த்துத் தயங்கியது.

அந்தத் தயக்கத்தில்தான் ஒரு கேள்வி வந்தது. வாசித்த பலரும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். "மாமி, எதிர்ல இருக்கற ததியோன்னத்தை நீங்க ஒரு வாய் சாப்பிடுவேளா?"

ரஞ்சனி அதைப் படித்தாள். மலர்க்கொடியும் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ரஞ்சனியின் வலது கை முந்தானைக்கு வெளியே வந்தது. மூன்று லட்சம் பேரும் பார்க்காத விரல்கள். அவை கிண்ணத்திலிருந்த கரண்டிவரை போய் நின்றன. மலர்க்கொடி மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் ஒரு வாய். அதற்குமேல் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது. விரல்கள் கரண்டியைப் பிடிக்கவில்லை. அது வலியா, வேறு ஏதாவதா என்று மலர்க்கொடிக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அறையில் வட்ட விளக்கின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். பவித்ரா, அம்மா என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

கை திரும்பி முந்தானைக்குள் போய்விட்டது.

மலர்க்கொடி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். கிண்ணத்தை எடுத்து, கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். கேமராவைப் பார்க்கவில்லை.

"உப்பு சரியா இருக்குங்க மாமி," என்றாள். "போயிட்டு வரேன்."

அவள் வாசல் தாண்டிய பிறகுதான் பவித்ராவுக்கு லைவை நிறுத்த நினைவு வந்தது.

ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. மலர்க்கொடி பக்கம் என்றும் மாமி பக்கம் என்றும் ஜனங்கள் பிரிந்து எழுதினார்கள். சென்னையிலிருந்து ஒரு சேனல்காரர்கள் உறையூர் வந்து, கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அது ஒளிபரப்பாகவும் இல்லை. பத்தாம் நாள் எங்கோ ஒரு நடிகரின் விவாகரத்து வந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். முதல் கமெண்ட் போட்டவர் இப்போது வேறொரு மாமியைப் பின்தொடர்கிறார். அங்கே கை அலம்புவதை முழுதாகக் காட்டுகிறார்கள்.

ரஞ்சனி வீடியோ போடுவதில்லை. விரல்கள் இன்னும் மோசமாகிவிட்டன. தங்களவர்களிலேயே ஒரு பெண்மணி வந்து உள்ளே சமைத்துப் போகிறாள். உப்பு சில நாள் கூடுகிறது, சில நாள் குறைகிறது. பவித்ரா பெங்களூரில் இருக்கிறாள். தன்னைத்தானே ஒரு பிராண்டாக வளர்த்துக்கொள்வது எப்படி என்று சனிக்கிழமைகளில் ஆன்லைனில் வகுப்பெடுக்கிறாள். முதல் பாடம், உண்மையாக இருப்பது.

அந்த மாதம் மலர்க்கொடிக்குச் சித்திரை வீதிகளிலிருந்தும் உத்திர வீதிகளிலிருந்தும் நாலு வீட்டார் போன் செய்தார்கள். லைவைப் பார்த்தோம், நீ பேசியது நூற்றுக்கு நூறு நியாயம், உன்னைப் போல் சுத்தமான ஆள்தான் வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சமையலுக்குங்களா?"

 நாலு பேருமே, இல்லை, பாத்திரத்துக்கு என்றார்கள்.

அவள் நாலு பேரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் எழுபது பேருக்குச் சமைக்கிறாள். வார்டன் செல்வமேரி முதல்நாளே சாம்பாரை ருசி பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் முன்னைவிடக் குறைவு. தர்மராஜுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.