கடலில் குதித்த கல்வெட்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் அப்பா காலமாகி ஓராண்டு கழித்து மாவீரரானார்.

இந்தப் பதவி உயர்வை வழங்கியவர் முன்னாள் கடற்படையினர் சங்கத் தலைவர். அப்பா இருந்த அதே கப்பலில் அதிகாரியாக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கட்டளையிடுவதிலிருந்து ஓய்வு பெறாதவர். சங்கக் கட்டடத்தின் வாசல் சுவரில் அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு வைத்திருந்தார். மாலையில் திறப்பு விழா. அண்ணன் காலையிலேயே எங்களைக் கூட்டிப்போய், மூடியிருந்த துணியைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினான்.

'போர்க்களத்தில், கொந்தளிக்கும் கடலில் குதித்து, தோழர்கள் மூவரின் உயிர் காத்த மாவீரர்.'

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"பேரு அவரோடதுதான். மத்தது யாரோடது?"

"தலைவரே எழுதிக் குடுத்தாரும்மா."

"அப்பா கப்பல்ல துணி வெளுத்தாருண்ணா," என்றேன்.

"அதைப் போய் கல்லுல வெட்டுவாங்களா? ஊரே படிக்கும்."

"படிக்கத்தானே வெட்டுறது?"

"உனக்கு எதைச் சொன்னாலும் குதர்க்கம். வெட்டினது வெட்டினதுதான், விட்டுடு."

விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

கடற்படையில் இருந்த காலமெல்லாம் அப்பா கப்பலின் அடிவயிற்றில், சலவை அறையில்தான் இருந்தார். அவர் கடலைப் பார்த்ததைவிடக் கடல் அவர் குடலைப் புரட்டியதுதான் அதிகம். ஒரு கை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருக்க, மறு கை வாந்தி எடுக்க வாளியைத் தேடும். ஊர் வந்து சேர்ந்த பிறகும் இஸ்திரி போடும்போது கால்களை அகட்டிவைத்துத்தான் நிற்பார். சிமெண்டுத் தரை சாயாது என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் சட்டையை உதறி நீட்டுவார். "சூடு ஆறுறதுக்குள்ள போட்டுக்கோ, கண்ணு." மழைக்காலக் காலைகளில் அந்தக் கதகதப்பை முதுகில் ஏற்றிக்கொண்டு போனவள் நான். அந்த மனிதரைக் கொடுத்துவிட்டு, கடலில் குதித்த யாரோ ஒருவரை நான் அப்பாவாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

மாலையில் தலைவர் பேசினார். பேசப் பேச அலைகள் உயர்ந்துகொண்டே போயின. முன்வரிசை நனையாமல் தப்பித்தது அதிசயம். பிறகு, குடும்பத்தின் சார்பில் மகள் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். அண்ணன் என் முழங்கையைக் கிள்ளினான்.

"நன்றி சொல்லிட்டு இறங்கிடு. மானத்தை வாங்காதே."

நன்றி சொன்னேன். இறங்கவில்லை.

"எங்கப்பா கப்பல்ல சலவைக்காரர். கடல்ல குதிக்கலை, யாரையும் தூக்கலை. இங்க உக்காந்திருக்கிற உங்களையெல்லாம் வெள்ளை வெளேர்னு காட்டினாரு. அது லேசான வேலை இல்லை. கல்லுல அதைப் போடுங்க."

பின்வரிசையில் இரண்டு கிழவர்கள் சிரித்தார்கள். தலைவர் எழுந்தார்.

"ஏம்மா, அடக்கம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் பெத்த அப்பாவையே அசிங்கப்படுத்தலாமா?"

"அசிங்கத்தையெல்லாம் அப்பா அப்பவே தொவைச்சு அனுப்பிட்டாரு சார். சண்டை மூண்ட அன்னைக்கு மேல்தளத்துலேருந்து வெளுக்க வந்த கால்சட்டைங்களைப் பத்தி..."

மைக் செத்தது. தலைவரின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. முட்டிவலியால் கைப்பிடித்து மேடை ஏறியவர் அந்த மேடையை எப்படி அத்தனை வேகமாகக் கடந்தார் என்பது யாருக்கும் புரியவில்லை.

"அவர் அமுக்கினா அமுக்கிட்டுப் போறாரு," என்றாள் அம்மா முன்வரிசையிலிருந்து. "உனக்குத் தொண்டை இல்லையாடி? சொல்லு."

தொண்டை இருந்தது.

"எவரோட கால்சட்டைன்னு அப்பா கடைசிவரைக்கும் சொல்லலை. நான் அரிச்செடுத்துப் பார்த்துட்டேன். 'பயந்தவன் துணியும் துணிதான், தொவைச்சா வெளுத்துடும்'னு வாயை மூடிக்கிட்டாரு. எங்கப்பா செஞ்ச வீரம் அதுதான். தைரியமிருந்தா அதை வெட்டுங்க!"

பின்வரிசைக் கிழவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து நின்றார். மற்றவரும் நின்றார். தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பெயர் வரவில்லை என்ற நிம்மதியில் அவருக்குக் குரல் திரும்பியது. மைக்கும் உயிர்த்தெழுந்தது.

"துயரத்தின் மிகுதியில் மகள் ஏதேதோ பேசிவிட்டார். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்."

கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கைதட்டல், பூமாலை, புகைப்படம். நடுநாயகமாக அண்ணன். நானும் அம்மாவும் அதில் நிற்க மறுத்துவிட்டோம்.

வாசலில் தலைவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா திருப்பிக் கும்பிடவில்லை.

"கல்லை மாத்துற வரைக்கும் மாசாமாசம் வந்து இந்த வாசல்ல உக்காருவோம். எனக்கு வேற என்ன வேலை? நாற்காலி மட்டும் போட்டு வையுங்க."

"அம்மா, மூணு உயிரைக் காப்பாத்தினவரும்மா அவரு!" என்றார் தலைவர், தானே நம்பத் தொடங்கிவிட்ட குரலில்.

அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.