வடகரையில் ஒரு வீடு

படத்தில் பார்த்த அந்தக் கோபுரமேதான், வேறாக இருக்க வழியே இல்லை, மணி இல்லாத மேல்மாடம், பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை... நளினி கார்க் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். துபாயிலிருந்து ஷார்ஜா போகிற சாலை வழக்கம்போல நகராமல் கிடந்தது. பக்கத்தில் கணவர் உமாபதி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இன்றைக்கு நல்ல மனநிலை, ஏன் இருக்காது, மத்தியானமே செய்தி வந்துவிட்டதே, சைப்ரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கியரும் மறுபடி ஒன்றாவதற்கான பேச்சு நின்றுபோயிற்று, அடுத்த சந்திப்புக்குத் தேதிகூடக் குறிக்காமல் இரண்டு தரப்பும் எழுந்துபோய்விட்டார்களாம். "நல்லதாப் போச்சு," என்றார் அவள் காரில் ஏறியவுடனேயே, "பேச்சு சரிவந்திருந்தா எங்கட வீட்டு நிலத்துக்கு ஆரேன் பழைய உரித்துக்காரர் வந்து நிண்டிருப்பினம்."

எங்கட வீடு... இன்னும் கட்டி முடியாத அந்தத் தொடர்மாடி வீடு, தீவின் வடகரையில், துருக்கியர் பக்கத்தில், போன வருடம் துபாய் ஹோட்டல் ஒன்றில் நடந்த வீடு விற்பனைக் கண்காட்சியில் பேசி முடித்தது. பால்கனியிலிருந்து இதுதான் தெரியும் என்று விற்க வந்த பையன் படம் காட்டினான், பழைய தேவாலயம் மேடம், இப்போது யாரும் வருவதில்லை, சத்தமே இருக்காது என்றான். ஏன் யாரும் வருவதில்லை என்று அவள் கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தைதானே... ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும் என்றா?

இன்று தெக்லாவின் கைபேசியில் அதே கோபுரம். அலுவலகத்தில் பக்கத்து மேசை, நளினியின் சொதியில் இடியப்பத்தைத் தோய்த்துத் தின்னப் பழகிய சைப்ரஸ்காரி, கிரேக்கப் பெண். செய்தியைப் பார்த்ததும் அவள் அழவில்லை, தீவின் தெற்கே லிமாசோலில் இருக்கும் தாயை அழைத்தாள், பேசி முடித்த பிறகுதான் உடைந்தாள். அந்தத் தாய் துருக்கிப் படை வந்திறங்கிய எழுபத்திநாலாம் ஆண்டுப் போரில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர், எல்லை திறந்த பிறகும் ஒருமுறைகூட ஊர் பார்க்கப் போகாதவர், என் ஊருக்கு நான் பாஸ்போர்ட் காட்டிப் போவதா என்று. இந்த முறை பேச்சு பலிக்கும் என்று நம்பி, இந்த வயதில் முழங்காலை அறுத்து ஆபரேஷன் செய்துகொண்டாராம், தேவாலயத்துக்குப் படி ஏறவேண்டுமே. அங்கேதான் அவருக்குக் கல்யாணம் நடந்தது, இதோ பார் என்று தெக்லா மங்கிய படத்தைக் காட்டினாள், மணமகளுக்குப் பின்னால் கோபுரம், அப்போது மணி இருந்தது... உனக்கு மட்டும்தான் இது விளங்கும் நளினி, என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நளினி கையை இழுக்கவில்லை. இழுத்திருக்க வேண்டுமோ.

விளங்கும்தான். காங்கேசன்துறைப் பக்கம் அவள் பிறந்த வீடும் கடலைப் பார்த்துத்தான் இருந்தது, தொண்ணூறில் உடுத்த உடுப்போடு ஓடினார்கள், பிறகு அது இராணுவ வலயம். யாரோ ஒரு அதிகாரியின் குடும்பம் உள்ளே இருக்கிறதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா அந்தப் பெண்ணைத்தான் சபித்தாள், ஆரோ ஒருத்தி என்ர குசினியிலை நிண்டு சமைக்கிறாளே என்று, கொக்குவிலில் வாடகை வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு. சின்ன வயதில் நளினி அந்தப் பெண்ணுக்கு மனதில் ஒரு முகம் வைத்திருந்தாள், தடித்த கழுத்து, பல் தெரியச் சிரிப்பு, கூச்சமே இல்லாத கண்கள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் வீடு வாங்கின இடம் தெக்லாவின்ர தாயின்ர ஊர்."

அவருடைய விரல் தாளம் நின்றது. முன்னால் இருந்த லாரி நகர்ந்தது, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும்வரை அவர் காரை எடுக்கவில்லை. "நாங்கள் ஆரையும் துரத்தேல்லை, நளினி," என்றார் மெதுவாக. "வேலை போனா இஞ்ச விசாவும் போகும். ஊரில என்ர வீட்டில அத்திவாரமும் இல்லை, உன்ர வீட்டையும் பிறகு இடிச்சிட்டாங்கள், வெறும் நிலம்தான் மிச்சம். சாகிறதுக்கு முன்ன ஒரு வீடெண்டு வேண்டாமே?" அவர் பொய் சொல்லவில்லை, இந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் தட்டிவிட முடியவில்லை, தெக்லாவின் அழுகையையும் தட்டிவிட முடியவில்லை... நாளைக்கு அந்த மேசைக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது?

அவருடைய கைபேசியில் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற ஏதோ கிடைத்துவிட்ட ஆறுதலில் அவர் சொன்னார், "கட்டிறவங்கள்தான். குசினிச் சுவருக்கு என்ன நிறக் கல் எண்டு கேட்கிறாங்கள். வெள்ளையோ, மணல் நிறமோ? நீதானே புழங்கப் போறனி."

இப்படித்தான் கேட்டிருப்பார்களோ அவளிடமும்... அம்மாவின் குசினியில் சமைத்தவளிடம், ஒரு நாள் வேலை முடிந்து களைத்து வரும்போது, அன்பான குரலில். அவளும் களைத்துத்தான் இருந்திருப்பாள், அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். தடித்த கழுத்தாக இருந்திருக்காது.

"வெள்ளை," என்றாள் நளினி, சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது.